விசில் கேட்டது, நம்பர்தான் தெரியவில்லை

எங்கள் மாவட்டத்தில் கூடைப்பந்து ஆட்டங்களுக்கு விசில் ஊதும் அண்ணன்களுக்கும் தம்பிகளுக்கும், அண்மையில் நடுவர்களாகச் சேர்ந்திருக்கும் தங்கைகளுக்கும் வணக்கம்.

நான் ஸ்கோரர். நடுக்கோட்டுக்கு நேரே மேஜை போட்டு, ஸ்கோர் ஷீட்டின் மேல் குனிந்தே கிடக்கும் ஆள். 19 வருடமாக உங்கள் கையைப் பார்த்துத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் கொடுத்த ஃபவுல் சரியா தப்பா என்று பேச நான் வரவில்லை; அது உங்கள் பாடு, கோச்சுகள் பாடு. கொடுத்த ஃபவுல் மேஜைக்கு வந்து சேர வேண்டும், அவ்வளவுதான் என் கவலை.

போன கோடையில் ஒரு பள்ளிப் பிள்ளைகள் போட்டி. நாலாவது குவார்ட்டரில் மூன்று நிமிடம் பாக்கி, இரண்டு பாயிண்ட் வித்தியாசம். கூடையில் விழாமல் திரும்பிய பந்தைப் பிடிக்க, அதாவது ரீபவுண்டில், தள்ளுமுள்ளு; விசில். நடுவர் அடுத்த இடத்துக்கு ஓடிக்கொண்டே மேஜைப் பக்கம் திரும்பி இரண்டு கையையும் ஒன்றாகத் தூக்கினார். இடது கையில் இரண்டு விரல், வலது கையில் ஒரு விரல். அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் 21. எதிரே உட்கார்ந்திருக்கும் எனக்கு அது 12. அந்த அணியில் 12-ம் இருந்தான், 21-ம் இருந்தான். 12-க்கு ஏற்கெனவே நான்கு ஃபவுல்; ஐந்து ஆனால் ஆள் வெளியே. ஐந்தாவது கட்டத்தை நிரப்பி, சிவப்பில் 5 போட்ட அட்டையைத் தூக்கிவிட்டேன். “சார், நான் அந்தப் பக்கமே இல்ல சார்” என்று பையன் அழாத குறை. கோச் மேஜைக்கு வந்துவிட்டார். அப்புறம் மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்லி, ஒருவழியாகத் திருத்தினோம். தலைமை நடுவர் ஷீட்டில் கையெழுத்துப் போடும்வரை இந்த மாதிரி எழுத்துப் பிழையைத் திருத்த விதியில் இடம் இருக்கிறது. ஆனால் அந்த ஏழெட்டு நிமிடத்தில் ஆட்டம் ஆறிப்போய்விட்டது.

ஃபிபா (சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனம்) போட்டிகளில் ஒரு காலத்தில் ஜெர்சி எண் 4 முதல் 15 வரைதான். 11-லிருந்து 15 வரைக்கு பத்துக்குப் பதிலாக வலது கையை முஷ்டியாக மடக்கி, இடது கையில் மீதி விரல்களைக் காட்டினால் முடிந்தது. 2014 விதிகளில் 0, 00, அப்புறம் 1 முதல் 99 வரை என்று கதவைத் திறந்துவிட்டார்கள். 15-க்கு மேல் போனால் முதலில் புறங்கையைக் காட்டிப் பத்தின் இலக்கம், பிறகு உள்ளங்கையைக் காட்டி ஒன்றின் இலக்கம். 21 என்றால் புறங்கையில் இரண்டு விரல், ஒரு நொடி விட்டு, உள்ளங்கையில் ஒரு விரல். இப்படிக் காட்டினால் இடம் வலம் மாறினாலும் எண் மாறாது. இதை ரெஃப்ரெஷர் வகுப்பில் எல்லோரும் அழகாகச் செய்து காட்டுகிறீர்கள். கோர்ட்டில் இறங்கியதும் கை பழைய வழக்கத்துக்கே போய்விடுகிறது.

அதைவிடப் பெரிய குறை ஓடிக்கொண்டே காட்டுவது. இரண்டடி மேஜைப் பக்கம் வந்து, நின்று, என் தலை நிமிர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையைத் தூக்குங்கள். நான் முதலில் எண்ணை வைத்து ஆட்டக்காரரின் வரியைத் தேடுவேன். பிறகு அந்தக் கட்டத்தில் ‘பி’யா (சாதாரண பெர்சனல் ஃபவுல்), ‘யு’வா (அன்ஸ்போர்ட்ஸ்மன்லைக், முறைகேடான ஃபவுல்), ‘டி’யா (டெக்னிகல், நடத்தைக்கான ஃபவுல்) என்று எழுதுவேன். கடைசியில்தான் அதன் காலடியில் எத்தனை ஃப்ரீ த்ரோ (யாரும் தடுக்காமல் கூடைக்கு எறியும் வாய்ப்பு) என்று சின்னதாக ஓர் எண். எண், ஃபவுலின் வகை, அதன் விளைவு என்று விதிப்புத்தகம் உங்களுக்குச் சொல்லும் வரிசையும் இதேதான். சிலர் எடுத்த எடுப்பில் இரண்டு விரலைக் காட்டிவிட்டு அப்புறம் எண்ணுக்கு வருகிறார்கள். அந்த இரண்டு விரல் 2-ம் நம்பரா, இரண்டு ஃப்ரீ த்ரோவா? பேனா அந்தரத்தில் நிற்கிறது.

வாயையும் திறக்கலாம், தப்பில்லை. சர்வதேச ஆட்டங்களில் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்கிறது ஃபிபா. நம் ஊரில் “வெள்ளை, 7, ஹோல்டிங்” (வெள்ளை ஜெர்சி 7-ம் நம்பர், எதிராளியைப் பிடித்து நிறுத்தினார்) என்றால் போதும். (இரண்டு அணியும் நீல ஜெர்சியில் வந்து நிற்கும் நாட்களில் என்ன செய்வது என்று கேட்காதீர்கள். அதற்குத் தனி மடல் எழுத வேண்டும்.) வெளிமாநில அணிகள் வந்து ஆடும் பெரியகுளம் மாதிரிப் போட்டிகளில் பாஷை கை கொடுக்காது, கைதான் பாஷை.

எனக்குப் பக்கத்தில் கடிகாரம் பார்க்கும் தம்பிக்காகவும் ஒன்று. ஒரே மைதானத்தில் இரண்டு கோர்ட், இரண்டிலும் ஆட்டம், போதாததற்கு ஓரத்தில் மேளம். எந்த விசில் யாருடையது என்று அவனுக்குத் தெரியாது. உங்கள் கை மேலே போவதைப் பார்த்துத்தான் நிறுத்துகிறான். ஃபவுல் என்றால் முஷ்டி, டிராவலிங் போன்ற விதிமீறல் என்றால் விரித்த கை. முழங்கை மடங்காமல், காதை ஒட்டி, நேராக. காதுக்குப் பக்கத்தில் அரைகுறையாக எழும் கை, வியர்வை துடைப்பதுபோலத்தான் மேஜையிலிருந்து தெரியும்.

அந்த முஷ்டியை உடனே இறக்காதீர்கள் என்று இன்னொரு காரணத்துக்காகவும் சொல்கிறேன். கூடைக்கு அடியில் மோதல். இரண்டு பேரும் ஊதுகிறீர்கள். ஒருவர் இரண்டு கையையும் இடுப்பில் வைத்து பிளாக்கிங், அதாவது தடுத்தவர் தப்பு, என்கிறார். அதே நொடியில் மற்றவர் முஷ்டியால் உள்ளங்கையில் குத்தி சார்ஜிங், அதாவது பந்தோடு வந்து மோதியவர் தப்பு, என்கிறார். கேலரியில் ஒரே சிரிப்பு. இதில் யார் பார்த்தது சரி என்பது இரண்டாம் பட்சம். முஷ்டியை மேலேயே வைத்துக்கொண்டு கூட்டாளியின் முகத்தை ஒரு தடவை பார்த்திருந்தால், யார் எல்லைக்குள் மோதல் நடந்ததோ அவர் காட்டியிருப்பார், மற்றவர் சத்தமில்லாமல் கையை இறக்கியிருப்பார்.

பிள்ளைகளின் முகத்துக்கு நேரே ஆள்காட்டி விரலை நீட்டுவதையும் விட்டுவிடுங்கள். யார் ஃபவுல் என்று காட்ட விரித்த உள்ளங்கை போதும். நம் ஊரில் விரல் நீட்டிப் பேசினால் அது வசவு. சொந்தத் தாத்தா நீட்டினாலே முறைக்கிற வயசு அவர்களுக்கு.

இதெல்லாம் வேலை நெருக்கடியில் வரும் பழக்கங்கள் என்று எனக்கும் தெரியும். வெயிலில் ஒரே நாளில் நாலு ஆட்டம் ஊதுகிறவர்கள் நீங்கள். நான் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்திருப்பவன். அதனால் ஒன்று கேட்கிறேன். அடுத்த போட்டியில், உங்களுக்கு ஆட்டம் இல்லாத நேரத்தில், ஆளுக்கு ஒரு குவார்ட்டர் என் நாற்காலியில் உட்கார்ந்து ஷீட் எழுதிப் பாருங்கள். நான் பக்கத்திலேயே நிற்கிறேன். முதல் குவார்ட்டர் என்றால் சிவப்புப் பேனா, இரண்டாவது என்றால் நீலம். இரண்டும் என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
மேஜையிலிருந்து ஒரு ஸ்கோரர்