சைக்கிள் பழக ஒரு மூலை

ஆசிரியருக்கு வணக்கம்.

தண்டையார்பேட்டையில் என் பேத்திக்கு சைக்கிள் பழக்கி வருகிறேன். பக்கத்துக் குட்டிச் சக்கரங்கள் வேண்டாம். அவை இருந்தால் வண்டியைச் சாய்த்துத் திருப்பவே வராது. பெடலையும் கழற்றி, பாதம் தரையில் படும்படி சீட்டை இறக்கி, காலால் உந்தவிட்டேன். (இடது பெடலின் மரை நேர்மாறானது, பார்த்துத் திருகவும்.) பேலன்ஸ் வந்த அப்புறம் பெடலை மாட்டினால் போதும். சீட்டைப் பிடித்தபடி பின்னால் ஓட என் மூட்டு ஒத்துழைக்காது.

இடம்தான் இல்லை. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள், தெருவில் இருபுறமும் பைக்குகள். பூங்காவுக்குப் போனால் காவலாளி விரட்டுகிறார். வாலிபால் ஆடும் சிமென்ட் தளம் காலையில் சும்மாதான் கிடக்கிறது. ஞாயிறுதோறும் 6 முதல் 8 மணி வரை அதைச் சின்னப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடச் சம்பந்தப்பட்டவர்கள் ஆவன செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு தாத்தா, தண்டையார்பேட்டை