அம்மம்மா, பாரம் இல்லாத சைக்கிள் ஏன் விழுந்தது

அன்புள்ள அம்மம்மாக்கு,

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கெண்டு முள்ளியவளைக்குப் போனனீங்கள், இண்டையோட இருபத்திரெண்டு நாள். போன ஆக்கள் எல்லாரும் வட்டக்கச்சிக்குத் திரும்பி வந்திட்டினம், நீங்கள் மட்டும் சின்னம்மா வீட்டில நிண்டிட்டியள். ஃபோன் எடுத்தா "சாப்பிட்டியோ, கோழி அடைச்சியோ" எண்டதோட வச்சிடுறியள், ஆறுதலாக் கதைக்க முடியேல்லை, அதால இதை இஞ்ச எழுதிப் போடுறன், சின்னம்மான்ர மகள் எடுத்து வாசிச்சுக் காட்டுவாள். வேற ஆக்களும் வாசிக்கட்டும், பரவாயில்லை. ஆனா கேள்வி கேட்டது நீங்கள், பதில் உங்களுக்குத்தான்.

சித்திரையில ஒருநாள் இரவு கரண்ட் நிண்டுது, முற்றத்தில பாயைப் போட்டு இருந்தனாங்கள், நீங்கள் சுளகை மடியில வச்சுக் கச்சான் உடைச்சுக்கொண்டு இருந்தனீங்கள், நான் ஃபோனைச் செம்பில சாய்ச்சு வச்சு ஒரு சின்னப் படம் போட்டனான். ஃபாதர் அண்ட் டோட்டர் எண்டு பேர். நெதர்லாந்துக்காரர், மிக்கேல் டுடொக் டி விற் எண்டவர், 2000ஆம் ஆண்டு செய்தது, எட்டு நிமிசத்துக்குக் கொஞ்சம் மேல வரும், 2001ல ஒஸ்காரும் கிடைச்சது. ஆனா நான் அதை எடுத்தது ஒஸ்காருக்காக இல்லை, அதில ஒரு சொல்லும் இல்லை, மியூசிக் மட்டும்தான். மற்றப் படங்களெண்டா கீழ ஓடுற எழுத்தை நான் வாசிச்சு வாசிச்சுச் சொல்லோணும், நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள சிரிக்கிற இடம் போயிடும், நீங்கள் எனக்காகப் பிந்திச் சிரிப்பியள். இதில அப்பிடி இல்லை, ரெண்டு பேரும் ஒரே நேரத்தில ஒரே விசயத்தைப் பாத்தனாங்கள்.

தகப்பனும் மகளும் சைக்கிள்ல வருவினம், தகப்பன் மகளைக் கட்டிப்பிடிச்சுப்போட்டு வள்ளத்தில ஏறிப் போயிடுவார், பிள்ளை பிறகு வாழ்நாள் முழுக்க அந்தக் கரைக்குச் சைக்கிள்ல வந்து வந்து போகும். குமராகி, கலியாணம் கட்டி, பிள்ளையளோட வந்து, கடைசியாக் கிழவியாகித் தனியச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வருவா. அந்த இடத்தில உங்கட கை நிண்டதை நான் கண்டனான். உடைச்ச கோது விரலுக்கிடையில, பருப்பு சுளகில விழேல்லை. கிழவி சைக்கிளை ஸ்டாண்ட் போட்டு நிப்பாட்ட அது விழும், நிமித்தி வைக்கத் திரும்பவும் விழும், பிறகு விட்டிட்டு இறங்கிப் போவா.

படம் முடிஞ்சு நான் நினைச்சன், தகப்பனைப் பற்றிக் கேக்கப் போறியள் எண்டு. நீங்கள் கேட்டது, "பாரம் ஒண்டும் கட்டேல்லையே பிள்ளை, பிறகேன் சைக்கிள் விழுது?"

நான் வயசு, வாழ்க்கை எண்டு என்னவோ சொன்னன். நீங்கள் "ம்" எண்டிட்டுக் கச்சானைத் திரும்ப உடைக்கத் தொடங்கிட்டியள். அந்த "ம்" எனக்குக் கனநாள் உறுத்திக்கொண்டு இருந்தது.

அடுத்த நாள் அம்மாட்டக் கேட்டன். அப்பதான் 2009ல சண்டைக்குள்ள இடம்பெயரேக்க நீங்கள் உருட்டின சைக்கிளைப் பற்றி அம்மா முழுக்கச் சொன்னா, அதுவரைக்கும் எனக்குத் துண்டுதுண்டாத்தான் தெரியும். தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு எண்டு ஒவ்வொரு இடமா, கரியர்ல அரிசி மூட்டை, அதுக்கு மேல தறப்பாள், ஹாண்டிலில ரெண்டு பக்கமும் பானை சட்டி, முன் பார்ல நான், எனக்கு அப்ப மூண்டு வயசு. அந்தப் பாரத்துக்கு ஸ்டாண்ட் நிக்காதாம், மணலுக்குள்ள புதைஞ்சு சரிஞ்சிடுமாம், அதால நீங்கள் எங்க நிண்டாலும் ஒரு கை ஹாண்டிலிலதானாம், சாப்பிடேக்கையும் இடக்கையால சைக்கிளைப் பிடிச்சுக்கொண்டு வலக்கையாலதான் சாப்பிட்டனீங்களாம். இதைக் கேட்ட பிறகுதான் எனக்கு உங்கட கேள்வி விளங்கினது. உங்களுக்குச் சைக்கிள் விழுறதெண்டா அதுக்குக் காரணம் பாரம், வேற காரணம் கிடையாது.

அம்மம்மா, நான் அந்தப் படத்தைத் திரும்பப் போட்டு அந்த இடத்தை மட்டும் நிப்பாட்டி நிப்பாட்டிப் பாத்தன். உந்தப் படங்கள் ஓடுற விதம் உங்களுக்குச் சொல்லோணும். ஒரு செக்கனுக்கு 24 படம் கண்ணுக்கு முன்னால போகும், ஒரே கீறலை ரெண்டு தரம் வச்சாலும் 12 கீறோணும். 1908ல பிரான்சில எமில் கோல் எண்டவர் ரெண்டு நிமிசமும் இல்லாத ஒரு படத்துக்கு 700 கீறல் கீறினவராம். ரஷ்யாக்காரர், அலெக்சாண்டர் பெட்ரோவ் எண்டவர், கண்ணாடியில எண்ணெய்ப் பெயின்ற் பூசி, கூடுதலா விரலாலயே பூசி, ஒரு கடற்தொழில் செய்யிற கிழவரின்ர கதையை 20 நிமிசப் படமா எடுத்தவர், அதுக்கு 29,000க்கு மேல ஓவியம், மகனும் கூட நிண்டு செய்தவர். ஒவ்வொண்டும் பூசி, ஃபோட்டோ எடுத்து, பிறகு அதையே கொஞ்சம் மாத்தி, திரும்ப ஃபோட்டோ. அப்பிடியெண்டா யோசிச்சுப் பாருங்கோ, ஒரு மனிசியின்ர முழு வாழ்க்கையையும் எட்டு நிமிசத்துக்குள்ள அடக்கோணும், கலியாணத்தைக்கூட விரிச்சுக் காட்ட நேரமில்லை, அதுக்குள்ள ஒரு சைக்கிள் ஸ்டாண்ட் வழுக்கி விழுறதுக்கு இவ்வளவு நேரம் குடுத்திருக்கினம். சும்மா குடுத்திருக்க மாட்டினம்.

அம்மாட்டக் கடைசியா ஒண்டு கேட்டனான், அந்தச் சைக்கிள் எங்க எண்டு. வட்டுவாகல் பாலத்துக்கு அங்கால் பக்கம் விட்டிட்டு வந்ததெண்டா. ஸ்டாண்ட் போட்டு நிப்பாட்டேல்லையாம், பனையில சாய்ச்சு வைக்கவும் இல்லையாம், நீங்கள் அதை மெதுவாக் கிடத்தினீங்களாம், பெடல் மண்ணில படாதமாதிரி.

இதுதான் நான் கண்டுபிடிச்ச பதில், பிழையெண்டாச் சொல்லுங்கோ. சைக்கிளை நிப்பாட்டி வைக்கிறது திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போகத்தானே. அந்தக் கிழவி இந்தமுறை திரும்பிப் போகேல்லை. தண்ணி வத்திப் புல்லு வளந்த இடத்தில இறங்கி நடந்து போய்த் தகப்பன்ர வள்ளத்தைக் கண்டு, அதுக்குள்ளயே சுருண்டு படுக்கிறா. எடுக்க ஆள் வராத சைக்கிளை நிப்பாட்டி வைக்கத் தேவையில்லை.

அதுக்குப் பிறகு எனக்கு எதைப் பாத்தாலும் உதே வேலை. எங்கட ஹோல் ஃபானை ஃபோன்ல வீடியோ எடுத்தன், தகடு பின்பக்கமாச் சுத்துது! கமரா ஒரு படத்துக்கும் மற்றப் படத்துக்கும் இடையில கண்ணை மூடுது, அதுக்குள்ள ஒரு தகடு அடுத்த தகடு நிண்ட இடத்துக்குப் போய்ச் சேராமக் கொஞ்சம் பிந்தி நிண்டா, பின்னுக்குப் போனமாதிரித்தான் எங்களுக்குத் தெரியும். அரைமணித்தியாலம் ரெகுலேற்றரைத் திருகித் திருகி எடுத்தன், ஒரு இடத்தில தகடு அசையாமலே நிண்டது. உங்கட சிவப்புப் பேடு நடக்கிறதையும் எடுத்துப் பாத்தன், தலை ஆடுதெண்டுதானே நாங்கள் சொல்லுறது, மெதுவா ஓட்டிப் பாத்தா தலை ஒரு இடத்தில அப்பிடியே நிக்குது, உடம்பு முன்னால வருது, பிறகுதான் தலை டக்கெண்டு முன்னுக்குப் போகுது. நீங்கள் இத்தனை வருசம் கோழி வளத்தனீங்கள், உது உங்களுக்கு முதலே தெரியுமோ?

நீங்கள் வந்தாப் போட இன்னொண்டும் இறக்கி வச்சிருக்கிறன். பைப்பர் எண்டு, 2016ல பிக்ஸார் செய்தது, ஆறு நிமிசம். கடற்கரையில அலைக்குப் பின்னால ஓடி அலை வர முன்னால ஓடிவாற சின்னக் குருவி இருக்கெல்லே, முல்லைத்தீவுக் கரையில நீங்கள் "சும்மா நில்லாதுகள்" எண்டு சொல்லுறது, அதின்ர குஞ்சு ஒண்டைப் பற்றின படம். குஞ்சு அலையில அடிபட்டுப் பயந்துபோய் இருக்கும், பிறகு சங்குக்குள்ள இருக்கிற ஒரு குட்டி நண்டு அலை வரேக்க மணலுக்குள்ள புதையிறதைப் பாத்துத் தானும் அப்பிடியே செய்து, தண்ணிக்குள்ள கண்ணைத் திறக்கும். அந்த இறகு நனைஞ்சு ஒட்டிக்கொண்டு நிக்கிறதைப் பாருங்கோ, நான் ஏழெட்டுத் தரம் பாத்திட்டன். இப்ப கடற்கரைக்குப் போனா உண்மையான குருவியளைக் காணமாட்டியள், கூடுதலா எல்லாம் வடக்க ஆர்க்டிக் பக்கம் முட்டையிடப் போயிருக்கும், மாரிக்கு முதல் திரும்பி வரும்.

இஞ்ச சோளகம் வீசத் தொடங்கிட்டுது. முற்றத்தில நிப்பாட்டின அப்பாவின்ர சைக்கிள் நேற்று ரெண்டு தரம் விழுந்தது, பாரம் ஒண்டும் இல்லை. நான் ஓடிப்போய்ப் பாக்கிறதுக்குள்ள விழுந்து முடிஞ்சிட்டுது.

ஏன் பாக்கப் போனனான் எண்டா, நான் இப்ப ஒண்டு கீறிக்கொண்டு இருக்கிறன். 80 பக்கக் கொப்பி, 40 தாள், ஒவ்வொரு தாளின்ர மூலையிலயும் ஒரு சைக்கிள், விரலால படபடவெண்டு விட்டா மூண்டு செக்கன் ஓடும். நிக்கிறது சரியா வந்திட்டுது, விழுந்து கிடக்கிறதும் சரி, நடுவில சரியிற இடம்தான் ஏழு தாள் அழிச்சு அழிச்சு ஓட்டை விழுந்திட்டுது. முதல்ல திரும்புறது ஹாண்டிலா, இல்லாட்டி முன்சில்லு அப்பிடியே நிக்கப் பின்பக்கம் சரியுதா எண்டு எனக்குத் தெரியேல்லை. நீங்கள் அதைக் கையில பிடிச்சுக்கொண்டு எவ்வளவு தூரம் நடந்தனீங்கள், உங்கட கைக்குத் தெரிஞ்சிருக்கும். எந்தப் பக்கம் முதல்ல பாரம் இழுக்கும்? இண்டைக்கு ஃபோன்ல கோழியைக் கேக்க முதல் இதைச் சொல்லுங்கோ, பதினெட்டாந் தாளில நிப்பாட்டி வச்சிருக்கிறன்.

உங்கட பிள்ளை