ஐம்பது ஹெர்ட்ஸ் காண்ட்ரா: நம் டிவி கேம் சங்கத்தின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், மன்னார்குடியிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் காலையிலேயே பஸ் பிடித்துக் கும்பகோணம் வந்து சேர்ந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல நடந்தன. ஐப்பசி அடைமழையில் ஒரு கூட்டம் மட்டும் தள்ளிப்போனது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். கல்லூரி மாணவர்கள் சிலர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள். கேசட் போட்டு விளையாடிய காலத்தைப் பார்க்காதவர்கள் தேடி வந்து சேர்வது எனக்குப் பெரிய சந்தோஷம்.

இந்த ஆண்டு சங்கத்தின் நேரத்தையும் பணத்தையும் எடுத்துக்கொண்டது ஒரே கேள்விதான். பழைய கன்சோல்களை இப்போது பல கம்பெனிகள் புதிதாகச் செய்து விற்கின்றன. அவற்றில் நமக்கு வேண்டியது எது?

முதலில் 'மினி' வகையைப் பார்த்தோம். தன் பழைய கன்சோலான என்.இ.எஸ்.ஸின் சின்ன வடிவமாக நின்டென்டோ 2016 நவம்பரில் வெளியிட்ட என்.இ.எஸ். கிளாசிக்கில் 30 விளையாட்டுகள் உள்ளேயே இருக்கும்; கேசட் போட இடம் கிடையாது. உள்ளே ஓடுவது லினக்ஸில் இயங்கும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர். பழைய எந்திரம் எப்படி நடந்துகொள்ளுமோ அப்படி நடந்துகொள்ளும் மென்பொருள் அதில் இருக்கிறது. படம் பளிச்சென்று வருகிறது, ஆனால் கன்ட்ரோலர் ஒயர் இரண்டரை அடிதான். பாய் விரித்துத் தள்ளி உட்கார்ந்து விளையாடும் வீட்டுக்கு அது எட்டவே எட்டாது. 2017 செப்டம்பரில் வந்த சூப்பர் நின்டென்டோ கிளாசிக்கில் 21 விளையாட்டுகள் உண்டு, ஒயரும் நீண்டது. தொண்ணூறுகளில் செய்து முடித்தும் வெளியிடாமல் வைத்திருந்த ஸ்டார் ஃபாக்ஸ் 2 முதன்முதலாக அதில்தான் வெளிவந்தது. அந்த ஒரு காரணத்துக்காகவே அதை நான் மதிக்கிறேன். சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்த உறுப்பினர் ஒருவர் அனலாக் பாக்கெட் என்ற கைக் கன்சோலைக் கொண்டுவந்து காட்டினார். 2021 டிசம்பரில் வந்தது. நின்டென்டோவின் பழைய கைக் கன்சோலான கேம் பாயின் திரை 160-க்கு 144 புள்ளி, இதன் திரை 1600-க்கு 1440. பழைய புள்ளி ஒவ்வொன்றும் பத்துக்குப் பத்து கட்டமாகச் சரியாக உட்கார்ந்துவிடுகிறது. கையில் வாங்கியவர் யாருக்கும் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை.

கடைசியில் நாம் வாங்கியது பழைய எந்திரங்களைத் திரும்பக் கட்டும் மிஸ்டர் என்கிற திறந்த மூலத் திட்டத்துக்கான பலகை. 2017-ல் தொடங்கிய திட்டம் இது. டெராசிக் கம்பெனியின் டிஇ10-நானோ பலகையில் உள்ள சைக்ளோன் ஃபைவ் எஃப்.பி.ஜி.ஏ. சிப்தான் அடித்தளம். 2024-ல் அதே சிப்பை வைத்து விலை குறைந்த பலகைகளும் வந்த பிறகுதான் நம் சந்தாப் பணத்துக்கு அது எட்டியது.

புதியவர்கள் கேட்டதால் இங்கே கொஞ்சம் விளக்குகிறேன். மென்பொருள் எமுலேட்டர், பழைய எந்திரத்தின் கட்டளைகளை ஒவ்வொன்றாகப் படித்து, அதன் வேலையைத் தானே செய்து காட்டும். எஃப்.பி.ஜி.ஏ. என்பது உள்ளிணைப்பை நாமே மாற்றி அமைக்கக்கூடிய சிப். அதற்குள் பழைய செயலி, படம் வரையும் சிப், ஒலிப் பகுதி ஆகியவற்றின் அமைப்பையே திரும்பக் கட்டுகிறார்கள். எல்லாப் பகுதிகளும் ஒரே சமயத்தில், அசலில் ஓடிய அதே தாளத்தில் ஓடும். அதற்காக எஃப்.பி.ஜி.ஏ. என்றாலே அசல் என்று நம்பிவிட வேண்டாம். எழுதியவருக்குப் பழைய சிப் எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் அது சரியாக இருக்கும். விஷுவல் 6502 போன்ற திட்டங்களில் பழைய சிப்பின் மூடியைக் கரைத்து, உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர்களைப் படமெடுத்துப் படித்த ஆட்களின் உழைப்பு இதற்குப் பின்னால் இருக்கிறது.

பலகையைப் பூட்டி, காண்ட்ரா என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டைப் போட்ட கூட்டத்தைச் சொல்லியாக வேண்டும். காட்டுக்குள் ஆள் ஓட ஆரம்பித்ததுமே பாபநாசம் உறுப்பினர், "அண்ணே, இது என்ன இப்படிப் பறக்குறான்? நம்ம காண்ட்ரா இது இல்லையே" என்றார். பலகை கோளாறு என்று சிலரும், வயதாகிவிட்டது நமக்குத்தான் என்று சிலரும் சொல்ல, கூட்டம் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. தவில் வாசிக்கும் நம் உறுப்பினர் கண்ணை மூடிப் பாட்டை மட்டும் கேட்டுவிட்டு, "சுருதி அதேதான். காலப்பிரமாணம்தான் ஏறியிருக்கு" என்றார்.

அவர் சொன்னதில் முழு விஷயமும் இருந்தது. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் டிவி நொடிக்கு 60 முறை படம் காட்டியது; அது என்.டி.எஸ்.சி. முறை. நம் டிவி பால் (PAL) முறை, நொடிக்கு 50. அந்தக் கால விளையாட்டுகள் படத்துக்குப் படம்தான் கணக்கு வைத்து நகரும். ஆள் நகர்வதும் பாட்டு நகர்வதும் அந்தக் கணக்கில்தான். ஆகவே நம் ஊரில் எல்லாமே ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடியது. ஆனால் சுருதி ஏன் இறங்கவில்லை? சுருதி செயலியின் ஓட்டத்தைப் பொறுத்தது. ஜப்பான், அமெரிக்க அசல் எந்திரத்தின் செயலி 1.79 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. ஐரோப்பாவுக்கென்று நின்டென்டோ செய்தது 1.66. நம் வீடுகளில் இருந்தவையோ இந்த இரண்டுமில்லை. என்.இ.எஸ்.ஸைப் பார்த்துத் தைவான் சிப் வைத்துச் செய்த நகல் பெட்டிகள் அவை, 1.77 மெகாஹெர்ட்ஸ் என்பதால் சுருதி கிட்டத்தட்ட அசலாகவும், 50 படம் என்பதால் வேகம் மெதுவாகவும் இருந்தன.

இதே வகைப் பெட்டியை ரஷ்யாவில் 1992 முதல் டெண்டி என்ற பெயரில் விற்றார்கள். அதனால் உலகம் முழுக்க இந்த வகையின் நேரக் கணக்குக்கு டெண்டி என்றே பெயர் நின்றுவிட்டது. மிஸ்டரின் என்.இ.எஸ். அமைப்பில் என்.டி.எஸ்.சி., பால், டெண்டி என்று மூன்று தேர்வுகள் இருக்கின்றன. மூன்றாவதற்கு மாற்றிவிட்டு மறுபடி போட்டோம். முதல் மலை தாண்டுவதற்குள் அறையில் பேச்சே இல்லை. அப்புறம் பாபநாசம் உறுப்பினர், "இதான். இதான் நம்மது" என்றார். கன்ட்ரோலரை அவரிடமிருந்து வாங்கவே முடியவில்லை.

இதை நான் இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம் உண்டு. பிளேஸ்டேஷன் கிளாசிக் 2018 டிசம்பரில் வந்தபோது அதிலிருந்த 20 விளையாட்டுகளில் 9 ஐரோப்பிய 50 ஹெர்ட்ஸ் பதிப்புகள் என்று பெரிய குறையாகப் பேசினார்கள். 60-ல் விளையாடி வளர்ந்தவர்களுக்கு அது குறைதான். நமக்கு 50 தான் அசல். ஜப்பானிய எந்திரத்தைத் துல்லியமாகத் திரும்பச் செய்ய உலகத்தில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கூத்தாநல்லூருக்கும் கும்பகோணத்துக்கும் பெட்டிக்குள் வந்த எந்திரத்தை நாம்தான் கவனிக்க வேண்டும்.

அந்த எண்ணத்தில்தான் உறுப்பினர்களின் பழைய பெட்டிகளைத் திறந்து பார்க்கும் வேலையைத் தொடங்கினோம். பழைய பெட்டிகள் சிலவற்றில் யுஎம்சி என்ற தைவான் கம்பெனியின் யுஏ6527பி, யுஏ6538 என்று எண் போட்ட இரண்டு சிப்கள் தனித்தனியாக இருந்தன. பிற்காலத்துப் பெட்டிகளில் எல்லாவற்றையும் ஒன்றாகச் சுருக்கி மேலே கருப்புப் பொட்டாகப் பிசின் ஊற்றியிருக்கிறார்கள். எண் படிக்க வழியில்லை. இந்த நகல் சிப்கள் பலவற்றின் ஒலியிலும் ஒரு தனி அடையாளம் உண்டு. ஒலியின் சதுர அலை ஒவ்வொரு சுற்றிலும் எவ்வளவு நேரம் உயர்ந்து நிற்கிறது என்பதில், 25 சதவீத நிலையும் 50 சதவீத நிலையும் இடம் மாறியிருக்கும். அதே ஸ்வரம், ஆனால் குரல் வேறு. கம்ப்யூட்டரில் ஓடும் மெசென் என்ற எமுலேட்டரில் இந்த இடமாற்றத்துக்கென்றே ஒரு தேர்வு வைத்திருக்கிறார்கள். தவில் உறுப்பினர் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டு, தன் வீட்டுப் பெட்டி எந்தக் குரல் என்று கண்டுபிடித்துவிட்டார்.

அடுத்து துப்பாக்கி. வாத்துச் சுடும் விளையாட்டு எல்.இ.டி. டிவியில் ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்காத ஆள் இல்லை. துப்பாக்கி எதையும் சுடுவதில்லை, பார்க்கிறது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கருப்பாகும், அப்புறம் வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் வரும். துப்பாக்கிக் குழாய்க்குள் இருக்கும் ஒளி உணரும் கண் அந்த வெளிச்சத்தைப் பார்த்தால் வாத்து விழும். பிக்சர் டியூபில் கதிர் கோடு கோடாக, நொடிக்குப் பதினையாயிரத்துச் சொச்சம் கோடுகள் வரைவதால் வரும் துடிப்பைத்தான் அந்தக் கண் தேடும். புதிய டிவியில் அந்தத் துடிப்பு இல்லை, படமும் தாமதித்து வரும். திரையைச் சுற்றி வெள்ளை விளிம்பு காட்டி, துப்பாக்கியில் கேமரா வைத்துக் குறி பார்க்கும் சிண்டென் போன்ற புதிய துப்பாக்கிகள் இருக்கின்றன. நன்றாகச் செய்திருக்கிறார்கள், ஆனால் நமக்கு அது வேண்டாம் என்று செயற்குழு முடிவு செய்தது. ஏனென்றால் நம் மாவட்டங்களில் பொட்டி டிவிக்குப் பஞ்சமில்லை.

2006-ல் தொடங்கி அரசு கொடுத்த 14 இன்ச் இலவச கலர் டிவி இன்னும் எத்தனையோ வீடுகளில் பரணில் கிடக்கிறது. வலங்கைமான் பக்கம் ஒரு வீட்டில் நெல் மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒன்றை எடுத்தோம். தூசி தட்டி, ஸ்டெபிலைசரில் போட்டு ஆன் செய்ததும் படம் வந்தது. மிஸ்டரிலிருந்து மஞ்சள் ஜாக்குக்குச் சிக்னல் தரும் சின்ன அடாப்டர் ஒன்றை மின்னணு வேலை தெரிந்த நம் உறுப்பினர் பொருத்தினார். பழைய துப்பாக்கியின் ஒன்பது பின் ஒயரை மாற்றிப் பற்றவைத்து, ஸ்நாக் என்கிற நேரடி இணைப்பில் கொடுத்தார். யு.எஸ்.பி. வழியாகச் சுற்றாமல் பழைய கன்ட்ரோலரும் துப்பாக்கியும் நேரே சிப்போடு பேசும் வழி அது. முதல் வாத்து விழுந்தது. அந்த வீட்டுப் பெரியம்மாவும் ஒரு வாத்தைச் சுட்டார்கள்.

ஆகவே உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: இலவச டிவியைப் பழைய இரும்புக் கடைக்குப் போடாதீர்கள், சங்கத்துக்குச் சொல்லுங்கள். யாரும் தாங்களாகப் பின்மூடியைத் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூபில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கலாம்.

கன்ட்ரோலர் விஷயம் சுருக்கமாக. பழைய வடிவத்திலேயே ஒயர் இல்லாமல் எய்ட்பிட்டூ என்ற கம்பெனி செய்யும் கன்ட்ரோலர்கள் இரண்டு வாங்கினோம், திருப்தி. பழையவற்றில் பொத்தான் அமுங்காததற்குப் பெரும்பாலும் தேய்ந்த கார்பன் ரப்பர்தான் காரணம். டிவி ரிமோட் பழுது பார்ப்பவரிடமே சரிசெய்து கொள்ளலாம். பெட்டிக்குக் கரன்ட் கொடுக்கும் அடாப்டர்தான் கவலை. கடையில் "எல்லாத்துக்கும் சேரும்" என்று சொல்லிக் கொடுத்த அடாப்டர் ஒன்றால் ஒரு உறுப்பினரின் பெட்டி கருகிவிட்டது. முனையின் நடுவில் பாசிட்டிவா நெகட்டிவா என்பது பெட்டிக்குப் பெட்டி மாறும். மல்டிமீட்டர் வைத்துப் பார்க்காமல் சொருகாதீர்கள். பம்பு செட் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் ஆடும் ஊர்க்காரர்கள் ஸ்டெபிலைசர் இல்லாமல் போடவே கூடாது.

கேசட்டுகள். மிஸ்டரில் கேசட் போடும் இடம் இல்லை என்பதால் உள்ளிருப்பதைப் படித்து எடுக்க வேண்டும். சன்னி கார்ட் ரீடர் என்ற திறந்த மூலக் கருவியைச் செய்துகொண்டிருக்கிறோம். நாகை உறுப்பினரின் கேசட்டுகள் உப்புக் காற்றில் 60 பின்னிலும் பச்சைக் களிம்பு பிடித்து வந்தன. ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் பஞ்சு நனைத்துத் துடைத்ததில் பலவும் பிழைத்தன. வாயால் ஊதும் பழக்கத்தை இனி விட்டுவிடுவோம். எச்சில் ஈரம்தான் களிம்பை வளர்க்கிறது. '9999 இன் 1' கேசட்டுகள்தான் முக்கியம். பட்டியல் நீளமாக இருந்தாலும் உள்ளே சில விளையாட்டுகளே திரும்பத் திரும்ப வரும். ஆனால் அவற்றைத் தொகுத்த விதமும், மெனுவின் பாட்டும், கேசட்டின் நினைவகத்தைப் பகுதி பகுதியாக மாற்றிக் கொடுக்கும் மேப்பர் அமைப்பும் கேசட்டுக்குக் கேசட் வேறு. படித்து எடுப்பது கேசட்டின் சொந்தக்காரருக்கும் சங்கத்தின் பாதுகாப்புக்கும் மட்டுமே. வெளியே யாருக்கும் கொடுக்க மாட்டோம்.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கும் தீர்மானம் இது: வரும் ஆண்டு மினி கன்சோல் எதையும் சங்கப் பணத்தில் வாங்குவதில்லை. அந்தத் தொகையை இரண்டாவது மிஸ்டர் பலகைக்கும், டிவிகளை வைக்க ஓர் அறை வாடகைக்கும் ஒதுக்கலாம். ஒவ்வொரு பழைய பெட்டிக்கும் சிப் எண், பலகையின் படம், எந்த ஊரில் யார் கொண்டுவந்தது என்ற விவரத்தோடு ஒரு பதிவேடு திறக்க வேண்டும்.

இடம் கொடுத்த நூலக நண்பர்களுக்கும், மதியச் சாப்பாடு ஏற்பாடு செய்த பொருளாளர் வீட்டாருக்கும் சங்கத்தின் நன்றி. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது வீட்டிலிருக்கும் பெட்டியையும் கேசட்டையும் அடாப்டரோடு சேர்த்துக் கொண்டு வாருங்கள். ஓடாத பெட்டி என்றாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
செயலாளர்