நம்ம குடியிருப்போர் சங்கத்தோட 2021-22 ஆண்டறிக்கை (செயலாளர் வாசித்தது)

தலைவர் ஐயாவுக்கும், பொருளாளர் அக்காவுக்கும், வேலையை விட்டுட்டு வந்து உக்காந்திருக்கிற எல்லாருக்கும் வணக்கமுங்க. வழக்கமான சமாச்சாரத்த சட்டுனு முடிச்சிடறேன். தெருவிளக்கு முக்கால்வாசி எரியுது, பாதாள சாக்கடைக்கு தோண்டின ரோடு இன்னும் அப்படியேதான் கெடக்கு, மனு குடுத்திருக்கோம். சந்தா பாக்கி யார் யாருன்னு இங்க வாசிக்கல, அவங்களுக்கே தெரியும்.

இந்த வருஷம் பெரிய விஷயம்னா நம்ம சேலம் மாநகராட்சி தேர்தல்தாங்க. 2016 அக்டோபர்ல பழைய மன்றத்தோட காலம் முடிஞ்சதுலேருந்து அஞ்சு வருஷத்துக்கு மேல நமக்கு கவுன்சிலரே கிடையாது, அரசாங்கம் போட்ட தனி அலுவலர்தான் நிர்வாகம். குழாய்ல தண்ணி வரலைன்னா யார்கிட்ட போய் நிக்கிறதுன்னே தெரியாம இருந்தோம். அதனால 2022 பிப்ரவரி 19 ஓட்டுப்பதிவுன்னதும் ஜனங்க அள்ளிக்கிட்டு வருவாங்கன்னுதான் கமிட்டில எல்லாரும் நெனச்சோம். வரல. அன்னைக்கு சனிக்கிழமை, லீவு வேற விட்டாங்க, காலைலயே நம்ம தெரு கார் பாதி ஏற்காடு கொண்டை ஊசி வளைவுல நின்னுச்சு. யாருன்னு சொல்லல.

தமிழ்நாடு முழுக்க சேர்த்து ஓட்டுப்பதிவு சுமார் 60 சதவீதம், சென்னைல 43தான். சேலம் அந்தளவுக்கு மோசமில்லீங்க, ஆனா அம்மாப்பேட்டை, குகை ஏரியா பக்கம் வரிசைல நின்ன கூட்டத்தையும் நம்ம பூத்துல ஏஜென்ட்டுங்க கொட்டாவி விட்டதையும் பாத்தவங்களுக்கு வித்தியாசம் தெரியும்.

"மேயருக்குத்தான் நாம ஓட்டு போட முடியாதே, அப்புறம் எதுக்கு"ன்னு நெறைய பேர் கேட்டாங்க, அதுல நியாயம் இருக்கு. 2011ல மேயருக்குன்னே தனியா ஓட்டு போட்டோம், சௌண்டப்பன் ஜெயிச்சார். 2019 நவம்பர்ல அவசர சட்டம் கொண்டாந்து, கவுன்சிலருங்களே மேயரை தேர்ந்தெடுக்கட்டும்னு மாத்திட்டாங்க. அதுப்படிதான் இந்த மார்ச் 4ஆம் தேதி மன்றத்துல ராமச்சந்திரன் மேயர் ஆனார். ஆனா மேயரை தேர்ந்தெடுக்கிற அந்த 60 பேர்ல ஒருத்தர் நம்ம வார்டு ஆளுங்க, அவரை அனுப்புறது நம்ம ஓட்டுதான். வேட்பாளருங்க கூட இதை வீட்டுக்கு வந்து சொல்லல, நோட்டீஸை கேட்ல சொருகிட்டு போயிட்டாங்க.

என் கணக்குப்படி சோம்பேறித்தனத்தை விட பெரிய காரணம் வாக்காளர் லிஸ்ட்டுதான். 2021 ஏப்ரல்ல சட்டமன்ற ஓட்டு போட்ட ஸ்கூல் வேற, இந்த தடவை பூத் வேற. ஆண்கள் பூத், பெண்கள் பூத்னு பிரிச்சதுல புருஷன் ஒரு ரூம், பொண்டாட்டி ஒரு ரூம், வயசானவங்களை கூட்டிட்டு போனவங்க பட்ட பாடு சொல்லி மாளாது. இதைவிட முக்கியமானது ஒண்ணு இருக்குங்க, நம்ம ஏரியா லிஸ்ட்டை எடுத்து வீடு வீடா டிக் அடிச்சு பாத்தா, காலமானவங்க, வீட்ட வித்துட்டு பெங்களூரு போனவங்க, கல்யாணமாகி ஈரோடு போன பொண்ணுங்கன்னு எத்தனையோ பேரு இன்னும் அதுல இருக்கு. அவங்களும் சேர்ந்த எண்ணிக்கைலதான் சதவீதம் வகுக்கிறாங்க, அப்புறம் எப்படிங்க ஏறும்? அதே சமயம் நாலு வருஷமா இங்கயே வாடகைக்கு குடியிருக்கிற புள்ளைங்க பேரு இல்ல, ஓனரு ஒத்துக்கலைன்னு அவங்க கேட்கவே பயப்படறாங்க. ஓனருங்க இங்கயே உக்காந்திருக்கீங்க, தயவு செஞ்சு ஒத்துழைங்க.

இந்த மாசம் (2022 ஏப்ரல்) சொத்து வரி அறிவிப்பு வந்ததுலேருந்து வாட்ஸ்அப் குரூப் தூங்கவே இல்ல. 600 சதுர அடிக்குள்ள 25 சதவீதம், 1800க்கு மேல 100 சதவீதம்னு உயர்வு. கவுன்சிலர்கிட்ட மனு எழுத எல்லாரும் ரெடி, கையெழுத்துக்கு பஞ்சமே இல்ல. ஏற்காடு போன காருங்களும் அதுல முன்வரிசைல நிக்குது.

அடுத்த மாசம் ரெண்டாவது ஞாயித்துக்கிழமை தலைவர் வீட்டு மாடில லிஸ்ட் சரிபார்ப்பு வெச்சிருக்கோம். பேர் சேர்க்க படிவம் 6, நீக்க படிவம் 7, ரெண்டும் ஜெராக்ஸ் எடுத்து வெச்சிருக்கோம். காலமானவங்க இறப்பு சான்றிதழ் நகல், குடி வந்தவங்க முகவரிக்கு ஏதாச்சும் ஒரு ஆதாரம் கொண்டு வாங்க. டீயும் தட்டுவடை செட்டும் சங்க செலவு. இப்ப பொருளாளர் அக்கா வரவு செலவு வாசிப்பாங்க.