முட்டையைக் கொடுத்துவிட்டுப் போனவள்

அன்புள்ள நிலா,

நேற்று ராத்திரி போனில் உன் குரல் சரியில்லை. "ஒன்றுமில்லைம்மா, தூக்கம்தான்" என்றாய். நானும் நம்பின மாதிரி காட்டிக்கொண்டேன். அப்புறம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்ததும் விஷயம் புரிந்துவிட்டது. பனியில் தலையைக் குனிந்து நிற்கும் ஓர் ஆண் பென்குயின், காலடியில் முட்டை. கீழே, "அம்மா விட்டுவிட்டுப் போனாலும் அப்பா விடுவதில்லை" என்று ஒரு வரி. அதற்குப் பதினேழு பேர் கைகூப்பியிருந்தார்கள். போட்டது யார் என்று இங்கே எழுத மாட்டேன், உனக்கே தெரியும். யாரைக் குத்துவதற்காகப் போட்டது என்பதும் உனக்குத் தெரிந்துவிட்டது.

எட்டு மாதக் குழந்தையை மாப்பிள்ளையிடம் விட்டுவிட்டு மூன்று மாதப் பயிற்சிக்கு நீ போனதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. எல்லோரும் உட்கார்ந்து பேசித்தானே முடிவு செய்தோம். ஆனால் முப்பது வருஷம் விலங்கியல் பாடம் எடுத்தவளை வைத்துக்கொண்டே பென்குயினைப் பற்றி அரைகுறையாகப் பேசினால் எப்படிச் சும்மா இருப்பது? குரூப்பில் போய்ச் சண்டை போட எனக்குத் தெம்பில்லை. உனக்கே எழுதிவிடுகிறேன்.

படத்தில் இருப்பது எம்பரர் பென்குயின். பதினெட்டு வகைப் பென்குயின்களில் இதுதான் பெரியது. ஒரு மீட்டருக்கு மேல் உயரம். அண்டார்டிகாவின் குளிர்காலத்தில் முட்டையிட்டு அடைகாக்கிற பறவை இது ஒன்றுதான். கூடு கிடையாது. கட்டுவதற்கு அங்கே கல்லும் இல்லை, புல்லும் இல்லை, வெறும் கடல்பனி. இருக்கிற ஒரே முட்டையைக் காலின்மேல் ஏற்றி, அடிவயிற்றுத் தோல் மடிப்பால் மூடிக்கொண்டு ஆண் சுமார் 65 நாள் நிற்கும். அத்தனை நாளும் வாயில் ஒன்றும் படாது. முட்டைக்கு முன்னால் ஜோடி சேர்ந்த நாட்களையும் கூட்டினால் கிட்டத்தட்ட நான்கு மாதப் பட்டினி. உடம்பின் எடையில் பாதிவரை கரைந்துபோகும். காற்று பலமாக அடித்தால் நூற்றுக்கணக்கில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒன்று சில அங்குலம் நகர்ந்தால் பக்கத்தில் இருப்பதும் நகர, கும்பல் முழுக்க ஓர் அலை ஓடும். ஓரத்தில் நிற்பவை மெல்ல உள்ளே வரும், நடுவில் வெந்துபோனவை வெளியே வரும். ஆமாம், வெந்துபோனவைதான். நடுவில் வெப்பம் நம் உடம்புச் சூட்டைத் தொடுகிற நேரமும் உண்டு.

நல்ல அப்பாதான். அதில் எனக்குத் தகராறு இல்லை.

ஆனால் அந்தப் படத்துக்கு முந்தைய காட்சியை யாரும் போடுவதில்லை. அவளும் அதே பனிமேல் நடந்துதான் வந்தாள். அவளும் ஆறு வாரம் போலப் பட்டினி கிடந்தாள். அந்தப் பட்டினி வயிற்றிலிருந்துதான் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான முட்டையை உருவாக்கினாள். மே, ஜூன் வாக்கில் முட்டையிடும்போது அவள் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போயிருக்கும். அடுத்த இரண்டு மாதத்தைத் தாங்கும் கொழுப்பு இனி அவனிடம்தான் மிச்சம். அதனால்தான் அவள் போகிறாள். இரண்டு பேரும் நின்றிருந்தால் படம் இன்னும் அழகாக வந்திருக்கும், குஞ்சு வெளியே வருகிற நாளில் ஊட்ட ஒரு மீன்கூட இருந்திருக்காது.

முட்டையைக் கைமாற்றுகிற அந்த ஒரு நிமிஷம் இருக்கிறதே, வகுப்பில் அதை மட்டும் நான் நடித்தே காட்டுவேன். இரண்டும் நெஞ்சோடு நெஞ்சு நெருங்கி நிற்கும். அவள் கால் விரல்களை மெல்ல விரிப்பாள், முட்டை பனியில் உருளும். அவன் அலகால் தன் பக்கம் இழுத்துக் காலின்மேல் ஏற்றப் பார்ப்பான். வழுக்கும். மறுபடி இழுப்பான். அந்தக் குளிரில் முட்டை கொஞ்ச நேரம் வெளியே கிடந்தாலே உள்ளே இருக்கிற உயிர் உறைந்துவிடும். பழக்கமில்லாத ஜோடிகள் இங்கேதான் முட்டையை இழக்கும். நீ கிளம்பிய அன்று வாசலில் குழந்தையை மாப்பிள்ளை கைக்கு மாற்றிவிட்டு, போர்வையைச் சரிசெய்கிறேன் என்று மூன்று தடவை திரும்பி வந்தாயே, எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. அப்போது சொன்னால் அடிக்க வருவாய் என்று சொல்லவில்லை.

அப்புறம் அவள் நடக்கிறாள். பனி எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதைப் பொறுத்து, சில வருஷம் 100 கிலோமீட்டர்வரைகூட. கால் ஓய்ந்தால் வயிற்றில் படுத்துச் சறுக்குவாள். கடலில் என்ன, விருந்தா காத்திருக்கிறது? பகல் வெளிச்சமே அரிதான மாதங்கள். மீனையும் கணவாயையும் துரத்திக்கொண்டு ஆழத்துக்குப் போக வேண்டும். எம்பரர் பென்குயின் 500 மீட்டருக்கு மேல் மூழ்கியதும், ஒரே மூச்சில் 32 நிமிஷம் நீருக்குள் இருந்ததும் பதிவாகியிருக்கிறது. பனி விளிம்பில் சிறுத்தை சீல்களுக்கும் பயப்பட வேண்டும். இரண்டு மாதத்தில் தன் உடம்பையும் தேற்றிக்கொண்டு, குஞ்சுக்கான இரையை வயிற்றில் சுமந்துகொண்டு அதே தூரம் திரும்பி வருவாள். அவன் நின்றதைப் படம் எடுக்கலாம். இவள் போனதை எங்கிருந்து எடுப்பது?

"அப்பா விடுவதில்லை" என்ற வரிக்கும் வருகிறேன். அவள் வருவதற்கு முன்பே குஞ்சு பொரித்துவிட்டால், அவன் தன் உணவுக்குழாயில் பால் மாதிரி ஒன்றைச் சுரந்து ஊட்டுவான். பட்டினியில் கிடக்கிற உடம்பிலிருந்து அது எப்படி வருகிறது என்று இன்றைக்கும் எனக்கு வியப்புத்தான். ஆனால் அது சில நாளுக்குத்தான் தாங்கும். அவள் வரவே இல்லை, உடம்பில் கொழுப்பும் தீர்ந்தது என்றால் அவன் முட்டையையோ குஞ்சையோ விட்டுவிட்டுக் கடலுக்கு நடப்பான். உயிரோடு இருந்தால் அடுத்த வருஷம் இன்னொரு முட்டை. குறை சொல்ல இதில் ஒன்றும் இல்லை. இன்னொரு விஷயம், ஆயுள் முழுக்க ஒரே ஜோடி என்று போன வருஷம் அதே குரூப்பில் ஒரு படம் வந்ததே, எம்பரர் பென்குயினில் பெரும்பாலானவை அடுத்த வருஷம் வேறு ஜோடிதான். இதைச் சொன்னால் குரூப்பே கலைந்துவிடும்.

சரி, பென்குயின் என்றால் எம்பரர் மட்டுமா? தலையில் மஞ்சள் குடுமி வைத்த ராக்ஹாப்பரை எடுத்துக்கொள். குஞ்சு பொரித்த முதல் மூன்று வாரத்துக்கு மேல் அப்பா கூட்டைவிட்டு நகராமல் காவல். அம்மாதான் கடலுக்குப் போய் இரை கொண்டுவருவாள், அவள் ஒருத்தியே. அடேலிப் பென்குயினில் முட்டையிட்டதும் அம்மா கடலுக்குப் போய் இரண்டு வாரம் போல வரமாட்டாள், பிறகு முறை மாறும். அடேலி ஆண்களின் கௌரவம் எல்லாம் கூழாங்கல்லில். கூட்டுக்குப் பொறுக்கிச் சேர்க்கிற கல்லைப் பக்கத்துக் கூட்டிலிருந்து திருடுவதும், திருடியது தெரியாத மாதிரி வேறு பக்கம் பார்ப்பதும் அன்றாடம் நடக்கும்.

கிங் பென்குயினின் கதை இதைவிடக் கடினமானது. ஒரு குஞ்சை வளர்த்து முடிக்க அதற்கு 14 முதல் 16 மாதம் ஆகும். நடுவில் ஒரு குளிர்காலம் வந்துவிடும். அம்மா அப்பா இருவருமே தூரக் கடலுக்குப் போய்விடுவார்கள். பழுப்புக் கம்பளி போர்த்தின மாதிரி குஞ்சுகள் கூட்டமாக நின்று, உடம்பில் இருக்கிற கொழுப்பை வைத்து வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் சமாளிக்கும். அந்த அம்மாவைப் பற்றி நம் உறவினர் என்ன எழுதியிருப்பாரோ.

மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்டாயே, தூங்குகிறாரா என்று. சின்ஸ்ட்ராப் என்று ஒரு வகை, தாடைக்குக் கீழே கறுப்பு நாடா கட்டின மாதிரி கோடு இருக்கும். கிங் ஜார்ஜ் தீவில் கூடுகட்டியிருந்த சின்ஸ்ட்ராப்களின் மூளை அலைகளைப் பதிவு செய்து 2023-இல் வெளியிட்டார்கள். நாலு நாலு விநாடியாக, ஒரு நாளைக்கு 10,000 தடவைக்கு மேல் தூங்குகின்றனவாம். எல்லாம் சேர்த்தால் 11 மணி நேரத்துக்கு மேல் வருகிறது. முட்டையைத் தூக்க வரும் ஸ்குவா என்ற கடல்பறவையையும் பார்க்க வேண்டும், கண்ணும் அசர வேண்டும் அல்லவா? இவரும் அப்படித்தான். நேற்று சாயங்காலம் பால் புட்டியைக் கழுவிக்கொண்டே இரண்டு விநாடி அசந்தார். புட்டி கீழே விழவில்லை. குழந்தை முனகியதும் என்னைவிட முன்னால் போய் நின்றார். நான் "நீங்கள் படுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றால் கேட்பதில்லை.

உன்னிடம் மறைத்துப் பயனில்லை, எப்போதும் எல்லாம் நல்லபடி முடிகிறது என்று நான் சொல்ல மாட்டேன். 2022-இல் பெல்லிங்ஸ்ஹாசன் கடல் பக்கம் கடல்பனி சீக்கிரமே உடைந்துவிட்டது. நீர் புகாத இறகு குஞ்சுகளுக்கு முளைக்கும் முன்பே காலடியில் இருந்த தரை போய்விட்டது. அங்கே இருந்த ஐந்து எம்பரர் குடியிருப்புகளில் நான்கில் அந்த வருஷம் ஒரு குஞ்சுகூடத் தேறியிருக்காது என்று செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துச் சொன்னார்கள். அம்மாவும் அப்பாவும் முறைபோட்டுச் செய்ததெல்லாம் சரியாகத்தான் செய்திருப்பார்கள். படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

திரும்பி வருகிற கதைதான் எனக்குப் பிடிக்கும். 2000 ஜூனில் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் பக்கம் டிரெஷர் என்ற கப்பல் மூழ்கி எண்ணெய் கடலில் பரவியது. எண்ணெய் படாத சுமார் 19,500 ஆப்பிரிக்கப் பென்குயின்களைப் பிடித்து, லாரியில் ஏற்றி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கிழக்கே போர்ட் எலிசபெத் பக்கம் கொண்டுபோய் விட்டார்கள். அவை நீந்தி வீடு வந்து சேர்வதற்குள் கடலைச் சுத்தம் செய்துவிடலாம் என்று கணக்கு. பீட்டர், பமேலா, பெர்சி என்று மூன்றின் முதுகில் கருவி மாட்டி எங்கே வருகின்றன என்று நாள்தோறும் பார்த்தார்கள். மூன்றும் வந்து சேர்ந்தன. கடலில் வழி சொல்ல யார் இருக்கிறார்கள்?

எம்பரர் அம்மா திரும்பி வருகிற இடத்தை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன். ஆயிரக்கணக்கில் ஒரே அச்சாக நிற்கிற கூட்டத்தில் அவனை எப்படிக் கண்டுபிடிப்பாள்? கூடு இருந்தாலாவது இடத்தை அடையாளம் வைத்துக்கொள்ளலாம். அவள் தலையைத் தாழ்த்திக் கூப்பிடுவாள். அவற்றின் குரலில் ஒரே நேரத்தில் இரண்டு சுருதி ஒலிக்கும். இரண்டும் மோதி எழுகிற அதிர்வு ஒவ்வொன்றுக்கும் வேறு. அவன் பதில் கொடுப்பான். குஞ்சைக் கொடுக்க மனம் வராமல் கொஞ்சம் தயங்குவான், அப்புறம் விடுவான். கிங் பென்குயின் குஞ்சுகளிடம் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அம்மா அப்பாவின் குரலைப் பதிவு செய்து ஒலிபெருக்கியில் போட்டால், அத்தனை இரைச்சலிலும் அந்தக் குஞ்சு எழுந்து வரும். வேறு யார் குரலுக்கும் அசையாது.

நேற்று நீ போனில் பேச ஆரம்பித்தபோது குட்டி தரையில் கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தான். நீ "அம்மா" என்று என்னைக் கூப்பிட்டதும் தட்டுவது நின்றது. கரண்டி கையிலேயே இருந்தது. வாசல் பக்கம் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான், பிறகு போனை. உனக்கு அது தெரிந்திருக்காது, நீ தூக்கம் என்று பொய் சொல்லிக்கொண்டிருந்தாய்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது வீடியோ வேண்டாம், முதலில் குரல் மட்டும் கொடு. போனைத் தலையணைக்கு அடியில் ஒளித்துவைக்கிறேன். எந்தப் பக்கம் தவழ்ந்து போகிறான் என்று பார்த்து எழுதுகிறேன்.

அன்புடன்,
அம்மா