ஸ்டுட்கார்ட்டில் வீடு பார்த்துக்கொள்ளும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

போன வாரம் போனில் ஒன்று கேட்டாய். "அவளுக்கு ஆபீஸ்ல ஒரு சந்தேகம்னா கேட்கப் பத்துப் பேர் இருக்காங்க. உடைஞ்ச டம்ளர எந்தத் தொட்டில போடணும்னு நான் யார்கிட்டக்கா கேட்க?" சிரித்துவிட்டேன், ஆனால் நீ சிரிக்கவில்லை. பொதுவில் எழுதுவதற்குக் காரணம், உன் நிலையில் இங்கே ஜெர்மனியில் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். மனைவிக்கோ கணவனுக்கோ வேலை கிடைத்து, கூடவே வந்து, பகல் முழுக்க அந்த வீட்டோடு தனியாக இருப்பவர்கள்.

முதலில் டம்ளர். கண்ணாடிதானே என்று தெருமுனையில் இருக்கும் கண்ணாடித் தொட்டியில் போடாதே. அது பாட்டிலுக்கும் ஜாடிக்கும் மட்டும். குடிக்கிற டம்ளர் உருகும் சூடு வேறு, பாட்டில் கண்ணாடி உருகும் சூடு வேறு, கலந்தால் மறுசுழற்சி கெட்டுப்போகும். ஆகவே டம்ளர் மிச்சக் குப்பைக்கான கறுப்புத் தொட்டிக்குப் போக வேண்டும். பால் அட்டைப்பெட்டி பார்க்கக் காகிதம் மாதிரி இருந்தாலும் உள்ளே பிளாஸ்டிக் பூச்சு உண்டு, அது பொருள் சுற்றி வரும் உறைகளுக்கான மஞ்சள் தொட்டிக்கு. கடை ரசீது வேதிப்பூச்சுள்ள தாள், அதுவும் கறுப்புக்குத்தான். நீல நிற பாட்டில் வந்தால் தெருமுனையில் பச்சைக் கண்ணாடிக்கான தொட்டியில் போடு. சில ஊரில் மஞ்சள் பை, சில ஊரில் மஞ்சள் தொட்டி, எந்தக் கிழமை எது எடுப்பார்கள் என்பதும் ஊருக்கு ஊர் மாறும். நகராட்சி வருடத்துக்கொரு அட்டவணை போடும். அதை அச்செடுத்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடு.

இந்த விதிகளை மனப்பாடம் செய்யப் போனால் பைத்தியம்தான் பிடிக்கும். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டால் விதி தானாக நினைவில் நிற்கும். இங்கே வீடு என்பது ஒரே கட்டடத்தில் எட்டுக் குடும்பங்கள் சுவரைப் பகிர்ந்துகொள்வது. முக்கால்வாசி விதிகள் அந்தச் சுவரைப் பற்றியவை.

ஜன்னலை எடுத்துக்கொள். உன் வீட்டு ஒப்பந்தத்தில் தினமும் காற்றோட்டம் விட வேண்டும் என்று ஒரு வரி இருக்கும், பார். வெளியே பூஜ்யம் டிகிரி இருக்கும்போது ஜன்னலைத் திறக்கச் சொல்கிறார்களே என்று நமக்குத் தோன்றும். மதுரையில் காற்று கேட்காமலே உள்ளே வந்துவிடும். இங்கே கண்ணாடி இரட்டை, மூன்று அடுக்கு. கதவு மூடினால் டப்பா மாதிரி அடைந்துகொள்ளும். அதற்குள் நாம் சோறு வடிக்கிறோம், இட்லி அவிக்கிறோம், குளிர்காலத்தில் துணியும் உள்ளேயே உலர்த்துகிறோம். இத்தனை ஈரமும் குளிர்ந்த சுவரில் போய்ப் படியும். படுக்கையறை மூலையில், அலமாரிக்குப் பின்னால் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்தால் வீட்டுக்காரரோடு வாக்குவாதம், முன்பணத்தில் கை வைப்பது, எல்லாம் தொடங்கும். முன்பணம் சும்மா இல்லை, மூன்று மாதக் குளிர் வாடகை வரை சட்டம் அனுமதிக்கிறது. குளிர் வாடகை என்றால் சூடாக்கும் செலவு, தண்ணீர் எதுவும் சேராத வாடகை.

ஜன்னலை மேல்பக்கமாகச் சாய்த்துவைத்து நாள் முழுக்க விடுவது தவறான பழக்கம். அதனால் ஜன்னலைச் சுற்றியுள்ள சுவர் குளிர்ந்து இன்னும் ஈரம் பிடிக்கும். ஹீட்டரை அணைத்து, ஜன்னலை முழுதாகத் திறந்து, ஐந்து பத்து நிமிடம் காற்று போகட்டும், பிறகு மூடு. காலையில் ஒரு முறை, சமைத்து முடித்ததும் ஒரு முறை, படுக்கும் முன் ஒரு முறை. அந்த ஹீட்டர் திருகில் ஐந்து வரை எண் இருக்கிறதே, ஐந்தில் வைத்தால் சீக்கிரம் சூடாகும் என்று நினைக்காதே. அது வேகம் இல்லை, அறை எவ்வளவு சூட்டில் நிற்க வேண்டும் என்ற குறி. மூன்று என்றால் சுமார் 20 டிகிரி, அதற்கு மேல் ஒவ்வொரு எண்ணும் நாலு டிகிரி போல ஏறும். வருடக் கணக்குப் பார்த்து, ஹீட்டர் அதிகம் ஓடியிருந்தால் கூடுதல் பணம் கேட்பார்கள். இங்கே வந்த முதல் வருடம் எல்லோரையும் பதறவைப்பது அந்தக் கடிதம்தான்.

சமையலறையைப் பற்றி நீ கேட்கவில்லை, ஆனால் உன் முகத்தைப் பார்த்தேன். வாடகைக்கு வரும் வீட்டில் அடுப்பும் இல்லை, கழுவுதொட்டியும் இல்லை, கூரையில் விளக்குகூட இல்லாமல் ஒயர் தொங்குகிறது என்பதை யாரும் விமான நிலையத்தில் சொல்லித்தருவதில்லை. முந்தைய குடித்தனக்காரரிடமிருந்து சமையலறையை விலைக்கு வாங்கியது நல்ல முடிவு. ஆனால் அந்தக் கண்ணாடி அடுப்பில் அடிவளைந்த வாணலியும் அம்மா கொடுத்த அலுமினியக் குக்கரும் ஒத்துவராது. அது இண்டக்ஷன் அடுப்பாக இருந்தால் அலுமினியம் சுடவே சுடாது. எவர்சில்வரில் இண்டக்ஷனுக்கு ஏற்ற தட்டை அடி உள்ள குக்கர் ஒன்று வாங்கு. தோசைக்கல் மட்டும் இரும்பு என்பதால் இண்டக்ஷனிலும் வேலை செய்யும், அடி தட்டையாக இருந்தால். இழுக்காமல் தூக்கி வை, கண்ணாடியில் கீறல் விழும். மிக்ஸி பயப்படாமல் போடலாம், இங்கேயும் 230 வோல்ட்தான். நம்ம ஊர் மூன்று முள் பிளக்குக்கு மட்டும் அடாப்டர் வேண்டும். மாவு புளிக்காது என்று அவள் சொன்னாளாம், ஓவனுக்குள் வை, விளக்கை மட்டும் போட்டுவிடு. அந்தச் சின்ன பல்பின் சூடு போதும்.

குளியலறையில் தரையில் தண்ணீர் ஊற்றாதே. தரையில் வடிகால் இல்லை. பக்கெட், மக் எல்லாம் குளியல் தொட்டிக்குள்ளேயே. கழுவித் தள்ளும் பழக்கம் நமக்கு ரத்தத்தில் ஊறியது, அம்மா வரும்போது இதைத்தான் முதலில் சொல்லிவைக்க வேண்டும். கீழ் வீட்டுக் கூரையில் தண்ணீர் இறங்கினால் செலவு நம் தலையில். நம்மால் அடுத்தவருக்கு வரும் சேதத்தை ஏற்கும் பொறுப்புக் காப்பீடு, 'ஹாஃப்ட்ஃப்லிஷ்ட்' என்பார்கள், இன்னும் எடுக்கவில்லை என்றால் இந்த வாரமே எடு. வருடத்துக்குக் கொஞ்சம் பணம்தான்.

அப்புறம் கேர்வோகே. படிக்கட்டில் உன் கதவில் ஒரு அட்டை தொங்கியதும் பதறிப்போய்ப் புகைப்படம் அனுப்பினாயே, அதுதான். அந்த வாரம் உங்கள் தளத்துப் படிக்கட்டைப் பெருக்கித் துடைக்கும் முறை உங்களுடையது. இது இந்தப் பகுதி மக்களான ஸ்வேபியர்களின் பழக்கம், பதினைந்தாம் நூற்றாண்டிலேயே தெருவைச் சுத்தம் செய்யச் சொல்லி ஆணை போட்ட ஊர் இது. முறை முடிந்ததும் அட்டையை அடுத்த வீட்டுக் கதவில் மாட்டிவிட்டால் வேலை தீர்ந்தது. சில வீட்டில் பெரிய கேர்வோகே என்று தனியாக உண்டு, வெளி நடைபாதை, கிடங்கு, பனிக்காலத்தில் பனி வாருவதும் சேர்த்து. வேலை நாளில் காலை ஏழு மணிக்கெல்லாம் நடைபாதை நடக்கிற நிலையில் இருக்க வேண்டும். யாராவது வழுக்கி விழுந்தால் கேள்வி நம்மிடம் வரும்.

எனக்கு இதில் ஒரு சந்தோஷம் உண்டு, சொல்லிவிடுகிறேன். படிக்கட்டைத் துடைக்கும்போதுதான் பக்கத்து வீட்டார் பேசுவார்கள். லிஃப்டில் பத்து வருடம் பார்த்தாலும் "ஹலோ"வுக்கு மேல் போகாதவர், கையில் துடைப்பத்தோடு பார்த்தால் நின்று பேசுவார். அதுவும் ஒரு ஆண், இந்தியன், வாளியோடு நிற்கிறான் என்றால் உன் மேல் தனி மரியாதை வந்துவிடும். அம்மா உறவுக்காரர்களிடம் "அவன் வீட்டிலிருந்தே ஆன்லைனில் ஏதோ பார்க்கிறான்" என்று சொல்கிறாள், எனக்குத் தெரியும். அதை நீ தடுக்க முடியாது. ஆனால் நீயே அப்படிச் சொல்லிக்கொள்ளாதே. மூன்று அக்கா தங்கை இருக்கிற வீட்டில் வளர்ந்து ஒரு தட்டுகூடக் கழுவாதவன் இப்போது வீடு பார்க்கிறாய், அது குறைவான வேலை இல்லை. வேலைக்காரி இல்லாத ஊரில் யாராவது செய்தே ஆக வேண்டிய வேலை. ஒன்று மட்டும், அவள் ஆபீஸிலிருந்து வந்ததும் அத்தனையும் உன் தலையில் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. நம் மாமாக்கள் செய்த அநியாயத்தைத் திருப்பிச் செய்ய அவளுக்கும் உரிமை கிடையாது.

அழைப்பு மணியில் உன் பெயரும் அவள் பெயரும் இரண்டுமே இருக்கிறதா என்று பார்த்தாயா? இது சின்ன விஷயம் போலத் தெரியும். தபால்பெட்டியில் பெயர் இல்லை என்றால் கடிதம் திரும்பிப்போகும், இந்த நாடே கடிதத்தில்தான் நடக்கிறது. வீடு புகுந்து இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்ததும் வரி எண் வருவது கடிதத்தில், வங்கிக் கடவு எண் கடிதத்தில், வானொலி டிவிக்கான கட்டணம் கேட்டு வருவதும் கடிதத்தில். அது ஒரு வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ, டிவி இல்லை என்று சொன்னாலும் கட்டியாக வேண்டும். நமக்குக் குடும்பப் பெயர் என்ற ஒன்று கிடையாது, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் போய் அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. ஆகவே நீ இங்கே அப்பா பெயர், அவள் அவள் அப்பா பெயர். ஒரே வீட்டில் இரண்டு பெயர், இரண்டையும் ஒட்டு. பார்சல்காரர் ஏமாந்து போகமாட்டார். எதிர் வீட்டுப் பாட்டி உன்னை "ஹெர்", அதாவது திரு, போட்டு நம் அப்பாவின் பெயரால் கூப்பிடும்போது முதலில் திரும்பிப் பார்ப்பாய், போகப்போகப் பழகிவிடும்.

கதவைச் சொல்ல மறந்தேன். வெளிப்பக்கம் கைப்பிடி சுழலாது. குப்பை போட வெறுங்கையோடு வெளியே வந்து கதவு சாத்திக்கொண்டால் பூட்டுக்காரரைத்தான் கூப்பிட வேண்டும். ஞாயிறு என்றால் அவர் கேட்கும் தொகை உன் மாத மளிகைச் செலவைத் தொடும். மாற்றுச் சாவி ஒன்றை அந்தப் பாட்டியிடம் கொடுத்துவை, இல்லாவிட்டால் என்னிடம்.

ஞாயிறு பற்றி உனக்கு ஏற்கனவே கோபம் இருக்கிறது. கடை இல்லை, சத்தம் கூடாது, துளையிடக் கூடாது, கண்ணாடித் தொட்டிக்கு பாட்டில் கொண்டுபோகக்கூடக் கூடாது. இது அக்கம்பக்கத்தாரின் குணம் அல்ல, 1919 அரசியலமைப்பின் ஒரு பிரிவை அப்படியே 1949 சட்டத்தில் எடுத்துச் சேர்த்து ஞாயிறை ஓய்வு நாள் ஆக்கியிருக்கிறார்கள். சனிக்கிழமை மாலையே வாங்கிவிடு. மிக்ஸியை மட்டும் அடியில் மடித்த துண்டு வைத்துப் போடு, காலையில் சீக்கிரம் வேண்டாம். இரவு பத்துக்கு மேல் எந்த நாளும் சத்தம் வேண்டாம்.

எல்லா பாட்டில்களையும் தூக்கிப் போடாதே. ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பாட்டில், டின் ஒன்றுக்கு 25 சென்ட், பியர் கண்ணாடி பாட்டிலுக்கு 8 சென்ட், வாங்கும்போது சேர்த்துக் கட்டிய அந்தப் பணம் கடையில் எந்திரத்தில் போட்டால் திரும்பக் கிடைக்கும். அந்தச் சீட்டை கவுண்டரில் காட்ட மறக்காதே. ரயில் நிலையத்தில் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் சிலர் பாட்டிலை நிறுத்தி வைப்பதைப் பார்த்திருப்பாய். பொறுக்கி வாழ்பவர்கள் கை விட்டுத் துழாவ வேண்டாம் என்பதற்காக. அதைப் பார்த்து எனக்கு இந்த ஊர் பிடித்துப்போனது.

மளிகைக்கு இலங்கைத் தமிழர் நடத்தும் கடை உன் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது, இந்திய பெயர்ப்பலகை தேடி அலைந்துகொண்டிருந்தாய். கறிவேப்பிலை, முருங்கைக்காய், உறைந்த தேங்காய்ப்பூ, இட்லி அரிசி எல்லாம் அங்கேயே. 1983க்குப் பிறகு வந்து இந்த நாட்டில் வேரூன்றியவர்கள், நம்மைப் போல விசாவும் ஆபீஸும் கையில் வைத்துக்கொண்டு வந்தவர்கள் இல்லை. வீட்டு விதி, பள்ளிக்கூடம், டாக்டர் என்று எது கேட்டாலும் இணையத்தில் கிடைக்காத பதில் அங்கே கிடைக்கும். சாமான் வாங்கியபடியே கேள்.

மதிய நேரம்தான் உனக்கு ஆகாது, இல்லையா? பன்னிரண்டிலிருந்து ஐந்து வரை. நவம்பரில் அவள் வருவதற்குள் வெளியே இருட்டியும் விடும். ப்ளூ கார்டில், அதாவது பட்டம் படித்தவர்களுக்கான வேலை அனுமதியில், வந்தவரின் துணைக்கு வேலை செய்யத் தடை இல்லை, அது பிறகு. முதலில் மொழி வகுப்பில் சேர். ஊரின் வயது வந்தோர் கல்விக்கூடத்திலேயே ஒருங்கிணைப்பு வகுப்பு நடக்கும், வழக்கமாக மொழிக்கு 45 நிமிடப் பாடவேளைகள் 600. காலையில் போய்விட்டு வந்தால் மதியத்துக்கு வீட்டுப்பாடம் இருக்கும், அந்த ஐந்து மணி நேரம் கொஞ்சம் சுருங்கும். உன்னோடு உட்காரப் போகிற சிரியாக்காரரும் உக்ரைன்காரரும் குப்பைத் தொட்டிக் கேள்வியோடுதான் வந்திருப்பார்கள்.

சனிக்கிழமை மதியம் வருகிறேன். எஸ்லிங்கனிலிருந்து ரயில்தான், உன்னை நிலையத்துக்கு வரச் சொல்லவில்லை. உளுந்து நான் கொண்டுவருகிறேன், நீ வெந்தயம் வாங்கி வை. அந்த வாடகை ஒப்பந்தத்தையும் மேஜை மேல் எடுத்து வை, உட்கார்ந்து வரிவரியாகப் படித்துவிடலாம்.

அன்புடன்,
அக்கா