அம்மா எண்ணியது யாத், யீ, சாம்

மலேசியாவுக்குப் படப்பிடிப்புக்கு வரும் தமிழ்த் திரைப்பட இயக்குநர்களுக்கும் தயாரிப்பாளர்களுக்கும்,

வணக்கம். ஈப்போவிலிருந்து எழுதுகிறேன். பத்துமலை முருகனையும் இரட்டைக் கோபுரத்தையும் நீங்கள் எத்தனை தடவை காட்டினாலும் அலுக்காமல் டிக்கெட் எடுக்கிற சனம் நாங்கள். உங்களை வர வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.

எங்கள் அம்மா பிறப்பால் சீனர். கைக்குழந்தையாக ஒரு ரப்பர் தோட்டத்துத் தமிழ்க் குடும்பத்துக்குத் தத்து வந்தவர். இங்கே இது அதிசயமில்லை. பெண் பிள்ளை என்பதாலோ, வறுமையாலோ கொடுக்கப்பட்ட சீனக் குழந்தைகள் தமிழ் வீடுகளில் வளர்ந்து, தமிழ்ப் பள்ளியில் படித்து, மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றிப் பேரப்பிள்ளையும் எடுத்துவிட்டார்கள். அம்மாவுக்குத் தெரிந்த சீனமெல்லாம் பசாரில் மீன் வாங்கிப் பழகிய கண்டோனீஸ்தான்.

மூன்று வருடத்துக்கு முன் உங்களில் ஒருவருடைய குழு இங்கே வந்தது. 'சீன முகம்' வேண்டுமாம், நாளுக்கு 120 வெள்ளி (ரிங்கிட்). அம்மா ஆசையாகப் போனார், நானும் கூடப் போனேன். கட்டியிருந்த சேலையை அவிழ்க்கச் சொல்லி, டிராகன் போட்ட சிவப்புச் சட்டை ஒன்றை மாட்டிவிட்டார்கள். வில்லனின் சூதாட்டக் கூடத்தில் பணம் எண்ணுகிற கிழவி வேடம். "தம்பி, நான் எங்க நிக்கணும்?" என்று அம்மா கேட்டதும் குழுவே சிரித்தது, இரண்டு பேர் போனில் படம் பிடித்தார்கள். "பாட்டி, தமிழ் வேணாம், சைனீஸ்ல ஏதாச்சும் சொல்லுங்க" என்றார் உதவி இயக்குநர். அம்மா பயபக்தியோடு கண்டோனீஸில் நோட்டை எண்ணினார்: யாத், யீ, சாம். ஒன்று, இரண்டு, மூன்று.

படம் வந்தது. குடும்பமாகப் போனோம். திரையில் அம்மாவின் வாய் அசைகிறது, ஆனால் குரல் வேறு யாருடையதோ. "சிங் சாங் சூ" என்று எந்த மொழியிலும் இல்லாத ஒரு சத்தம். கொட்டகை விழுந்து விழுந்து சிரித்தது. பேரன் மட்டும் பாட்டியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். காரில் ஏறியதும் அம்மா கேட்டார்: "நான் ஒழுங்காத்தானே எண்ணினேன்?"

அதற்குப் பதில் உங்களிடம்தான் இருக்கிறது.

நாங்கள் கேட்பது பெரிதில்லை. சீன முகத்துக்கு ஒரு பேர் கொடுங்கள், அதன் வாயில் உண்மையான மொழி ஒன்றைக் கொடுங்கள்.

உங்களுக்குத் தெரியாததில்லை. 1973-லேயே 'உலகம் சுற்றும் வாலிபன்' படத்தில் தாய்லாந்துப் பெண்ணாக தாய்லாந்து நடிகை மேட்டாவே நடித்தார், டூயட்டும் பாடினார். அப்புறம் என்ன ஆயிற்று? 2011-ல் '7ஆம் அறிவு' படத்தில் நாய்க்கு நோய் ஊசி போட்டு ஊரை அழிக்க வருகிறவர் சீனர். 2016-ல் 'கபாலி'க்குத் தைவானிலிருந்து வின்ஸ்டன் சாவ் போன்ற நல்ல நடிகரை அழைத்து வந்தீர்கள், அவருக்கும் தாதா வேடம். சீனர் என்றால் கடத்தல், கராத்தே, கண்ணாலேயே வசியம்! ஈப்போவில் எனக்குத் தெரிந்த சீனர்கள் சைக்கிள் கடை வைத்திருக்கிறார்கள், பல் பிடுங்குகிறார்கள், சாயங்காலம் கோப்பிக் கடையில் முட்டி வலியைப் பற்றிப் புலம்புகிறார்கள். வசியம் தெரிந்த ஒருவரை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். (கமல் சார் 2008-ல் 'தசாவதாரம்' படத்தில் ஜப்பானியராக வந்ததை இதில் சேர்க்கவில்லை. ஒரே ஆள் பத்து வேடம் என்பதே அந்தப் படத்தின் விளையாட்டு. ஆனாலும் ஒரு ஜப்பானியர் அதைப் பார்த்தால் என்ன நினைப்பார் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.)

2019-ல் சிங்கப்பூர் விளம்பரம் ஒன்றில் ஒரு சீன நடிகர் முகத்தில் கறுப்புச் சாயம் பூசித் தமிழராக வந்தபோது நாமெல்லாம் கொதித்தோம். கொதித்தது நியாயம்தான். அதே சூடு மற்றவர் தோலுக்கும் உண்டு, இல்லையா? 1937-ல் ஹாலிவுட் 'தி குட் எர்த்' என்று ஒரு சீன விவசாயிக் கதையை எடுத்தது. அங்கேயே பிறந்து வளர்ந்த சீன வம்சாவளி நடிகை ஆன்னா மே வாங்கை விட்டுவிட்டு, வெள்ளைக்கார நடிகை லூயிசா ரெய்னருக்குச் சீனப் பெண் வேடம் போட்டு ஆஸ்கரும் கொடுத்தார்கள். எங்கள் ஈப்போவில் பிறந்த மிஷல் யோ சிறந்த நடிகைக்கான ஆஸ்கரை வாங்க 2023 ஆகிவிட்டது. நீங்களும் அத்தனை வருடம் எடுத்துக்கொள்ளப் போகிறீர்களா?

கோபத்தில் நீட்டிவிட்டேன், மன்னிக்கவும். கேட்க வந்ததை மறுபடி சொல்கிறேன்: ஒரு பேர், ஒரு உண்மையான மொழி. டப்பிங் அறையில் கண்டோனீஸ் தெரிந்த ஒருவரை உட்கார வையுங்கள். சென்னையில் ஆள் கிடைக்காவிட்டால் எங்களைக் கேளுங்கள், போனிலேயே சொல்லித் தருகிறோம். பாத்திரம் தமிழ் பேசினாலும் சரி, அது எங்கள் வீட்டில் தினமும் நடக்கிறதுதான்.

அடுத்த முறை ஈப்போவுக்கு வந்தால் தயவுசெய்து அம்மாவைக் கூப்பிடுங்கள். அதே 120 வெள்ளி போதும். சேலையோடுதான் வருவார்.

இப்படிக்கு,
ஈப்போவிலிருந்து ஒரு மகள்